எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கிண்ணம்

துரைசிங்கம் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில் மொத்தம் நாற்பத்தொரு விருதுகள். எண்ணியவள் நான்தான். தீபாவளிக்கு முறுக்கு கொடுக்கப் போனால் மனிதர் சீக்கிரத்தில் வெளியே விட மாட்டார். எண்ணத்தான் நேரம் கிடைக்கும்.

கோலசிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்பில் ஆங்கில நாடக நடிகர் என்று ஒருவர் இருப்பது பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. கோலாலம்பூர் மேடைகளில் இருபத்தெட்டு வருஷம் நீதிபதியாகவும் டாக்டராகவும் பிரபுவாகவும் நின்றவர். சிங்கப்பூர் டிவியில் சிறந்த துணை நடிகர் கேடயம் ஒன்று. வெளிநாட்டுக்காரன் இங்கே வந்து எடுத்த படத்தில் சமையல்காரனாக வந்து பதினோரு விநாடியில் சுடப்பட்டுச் செத்ததற்கு ஒரு சான்றிதழ். மிளகாய்த்தூள் விளம்பரத்துக்கு ஒரு தட்டு. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போகும் படகுகளுக்கு ‘பிளாஷ் போட வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் குரல் பதிந்து கொடுத்ததற்குக் கண்ணாடியில் ஒரு நினைவுப் பரிசு. படகுக்காரர்கள் அந்தக் குரலை இரண்டாவது நிமிஷத்தில் அணைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் நடுவில், காது மாதிரி இரண்டு பிடி வைத்த பெரிய வெள்ளிக் கிண்ணம் ஒன்று. மூடியின் உச்சியில் கையைத் தூக்கியபடி ஒரு குட்டி மனிதன். சனிக்கிழமைதோறும் அவர் மனைவி வாகீஸ்வரி அதைத் துணி போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் எனக்கு என் குசினி ஜன்னலிலிருந்தே தெரியும். நாற்பத்தாறு வருஷமாகத் தேய்க்கிறாராம்.

வம்பு அந்தக் கிண்ணத்தில்தான் பிறந்தது.

எங்கள் கலை மன்றத்துச் செயலாளர் தங்கராஜு, துரைசிங்கத்துக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது என்று அறிவித்து வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழை விட்டார். பின்னணியில் அந்த அலமாரிப் படம். விருதுகள் அத்தனையும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்படும், ஒய்.பி. வருகிறார், காலை உணவு உண்டு என்று கீழே எழுத்து. ஒய்.பி. என்றால் எங்கள் சட்டமன்ற உறுப்பினர். எல்லாரும் காலை உணவைப் பார்த்தார்கள். கடைசிச் சந்தில் இருக்கும் வேலம்மா மட்டும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வேலம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தபோது இந்தத் தாமானுக்கு வந்தாள். துரைசிங்கம் அதே தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். வருஷத்துக்கு ஒரு முறை சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு நாடகப் போட்டி நடக்கும். கிராணிமார் ஆங்கிலத்தில் போடுவார்கள், லயத்துச் சனம் தமிழில் போடும். சிறந்த நடிப்புக்கு ஒரே பரிசுதான், ஆணென்றும் பெண்ணென்றும் கிடையாது. அதுதான் இந்தச் சுழற்கிண்ணம். ஜெயித்தவர் ஒரு வருஷம் வைத்திருந்து, பெயரைத் தகட்டில் வெட்டி, அடுத்த வருஷம் திருப்பித் தர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் கிண்ணம் அவருக்கே சொந்தம்.

இதில் கிண்ணம் கொடுத்த வெள்ளைக்காரத் துரை ஒரு குறும்பு வைத்திருந்தான். கைமாறும்போது பழைய ஆள் மேடைப் படியில் ஒரு படி கீழே நின்று, ‘இந்த வருஷம் நான் தோற்றேன், ஜெயித்தது இன்னார்’ என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

எழுபத்தேழிலும் எழுபத்தெட்டிலும் துரைசிங்கம் ஜெயித்தார். நடுவர்கள் மேனேஜரின் விருந்தாளிகள். தமிழ் நாடகம் மேடை ஏறியதும் பீர் குடிக்கப் போய்விடுவார்கள். எழுபத்தொன்பதில் கிள்ளானிலிருந்து ஒரு மலாய் நாடகக்காரரை நடுவராகக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, தமிழ் சுத்தமாகத் தெரியாது. பாவம், நடிப்பை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அன்றைக்குத் தமிழ் நாடகத்தில் வேலை வாங்கும் மண்டோராக வரவேண்டியவன் கள்ளுக் குடித்து விழுந்துவிட்டான். அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலம்மா ஏறினாள். அவள் வேலைக்காரர்களை விரட்டிய விரட்டில், முன்வரிசையில் இருந்த அசல் மண்டோர் எழுந்து வெளியே போய்விட்டாராம். ஜெயித்தது வேலம்மா என்று அறிவித்தார்கள். கிண்ணத்தைத்தான் காணோம். “பெயர் வெட்டக் கடையில் கொடுத்திருக்கு, அடுத்த வாரம்” என்றார் துரைசிங்கம். வேலம்மாவுக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் அடுத்த மாதம் ஆனது. வேலம்மா ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். மூன்றாம் முறை கேட்ட அன்று செக்ரோல் என்ற வருகைப் பதிவில் அவளுக்கு அரை பேர் விழுந்தது. முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலி. அதன்பின் கேட்கவில்லை. அப்புறம் நகைக்கடை எரிந்துபோனது, கிண்ணமும் அதோடு போயிற்று என்று கிராணியே வருத்தமாகச் சொன்னார். மறு வருஷம் மேனேஜர் மாறினார், போட்டியும் நின்றது. துரைசிங்கம் கோலாலம்பூர் போய் நடிகரானார், ஓய்வு பெற்றதும் இந்தத் தாமானுக்கு வந்து சேர்ந்தார்.

எரிந்துபோன கிண்ணம் இப்போது வாட்ஸ்அப்பில் பளபளத்தது.

வியாழக்கிழமை காலை நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். என் செடிகளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் கிடைத்தது. வேலம்மா வந்து துரைசிங்கம் வீட்டு கேட்டைத் தட்டினாள்.

“கிராணி, வெளிய வாங்க.”

“ஆர் அது? ஓ, வேலம்மாவோ. என்ன, உதவி ஏதும் வேணுமோ?”

“ஒதவியெல்லாம் வேணாம். எங் கிண்ணத்தக் குடுங்க, போறேன்.”

“உன்ர கிண்ணமோ? பால் கோப்பை ஏதும் துலைச்சுப் போட்டியோ?”

“பால் கோப்ப எது, வெள்ளிக் கிண்ணம் எதுன்னு வெட்டுன கைக்குத் தெரியும் கிராணி. எழுபத்தொம்போதுல நான் ஜெயிச்சது. எரிஞ்சு போச்சுன்னீங்க. எரிஞ்சதுல ஒரு கறைகூடக் காணோமே.”

துரைசிங்கம் உள்ளே போனார். போய் ஒளிந்துகொள்வார் என்று நினைத்தேன். மனிதர் கிண்ணத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அதைத் திருப்பிக் காட்டினார்.

“வாசி. வாசிக்கத் தெரியுந்தானே? எழுபத்தேழு, துரைசிங்கம். எழுபத்தெட்டு, துரைசிங்கம். எழுபத்தொன்பது, இதுவும் துரைசிங்கம். மூண்டு முறை வெண்டால் கிண்ணம் சொந்தம். அதுதான் சட்டம்.”

வேலம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மூன்று தகடுகள், மூன்றிலும் ஒரே பெயர்.

“மூணாவது தடவ நீங்க எங்க ஜெயிச்சீங்க?”

“வெள்ளியிலை வெட்டிக் கிடக்கு. உன்னட்டை என்ன கிடக்கு?”

அவளிடம் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்துப் படம் இல்லை, காகிதம் இல்லை. சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப்பேர் சுடுகாட்டில். மீதிப் பேர் துரைசிங்கத்தோடு நின்று படம் எடுத்து மாட்டியவர்கள்.

“எங்கிட்டயா?” என்றாள். “அன்னைக்கு மண்டோரு எந்திருச்சுப் போனாரே, அது கெடக்கு. ஞாயித்துக்கெழம வர்றேன்.”

வாகீஸ்வரி அவர் முதுகுக்குப் பின்னால் துடைக்கும் துணியோடு நின்றிருந்தார். வேலம்மா போனதும் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார் துரைசிங்கம். “கை பட்டுப்போச்சு, மினுக்கி வையும்.” அந்த அம்மாள் வாங்கவில்லை. துணியை அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போதே ஏதோ தட்டியது.

சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மறுநாள் வேலம்மா வீட்டுக்குக் கறிவேப்பிலை கொண்டுபோனேன். எனக்கு முன்பே தங்கராஜு அங்கே உட்கார்ந்திருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை.

“அக்கா, ஒன்னு செய்வோம். ஒங்களுக்கும் ஒரு பொன்னாடை போட்டுடுறோம். மூத்த தோட்டத் தொழிலாளின்னு. ஒய்.பி. கையால. ஃபேஸ்புக்ல போடுவோம்.”

“வேலைக்குத்தான் கூலி குடுத்தாங்களே தம்பி, அரை பேரு போட்டாலும் குடுத்தாங்க. நான் கேக்குறது நடிச்சதுக்கு.”

“பழைய கதை லா அக்கா. நாப்பத்தாறு வருஷம். இப்ப அந்தக் கிண்ணத்த வச்சு என்னா செய்யப் போறீங்க?”

“அவரு என்னா செஞ்சாரு? வச்சிருந்தாரு. நானும் வச்சிருப்பேன்.”

“சபையில சண்ட வந்தா மன்றத்துக்கு மரியாத போயிடும்.”

“இருந்தாப் போவட்டும்.”

தங்கராஜு என்னைப் பார்த்தார், நானாவது சொல்வேன் என்று. நான் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இத்தனை கூட்டத்தைக் கல்யாணத்துக்குக்கூடப் பார்த்ததில்லை. விருதுக்காக வந்தவர் யாரும் இல்லை. மேடைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்த மேசையில் நாற்பத்தொன்றும் அடுக்கியிருந்தது. நடுவில் கிண்ணம். மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, கிண்ணத்துக்குள் யாரோ பூச்செண்டு செருகியிருந்தார்கள். துரைசிங்கம் கோட்டு போட்டு, சுருக்கம் விழாமல் உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் வாகீஸ்வரி, மடியில் கைப்பை. மூன்றாம் வரிசையில் வேலம்மா.

ஒய்.பி. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். தங்கராஜு துரைசிங்கத்தின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். அதைத் துரைசிங்கமே எழுதிக் கொடுத்திருந்தார் என்பது ‘ஈடு இணையற்ற’ என்று ஏழு முறை வந்ததிலேயே தெரிந்தது. யார் துணையும் இல்லாமல் தனி ஆளாக உயர்ந்தார் என்று ஒரு வரி. வாகீஸ்வரி கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மறுபடி மூடினார்.

“எழுபத்தேழு முதல் எழுபத்தொன்பது வரை தோட்டங்களின் சுழற்கிண்ணத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்று...”

“தம்பி,” என்று எழுந்தாள் வேலம்மா. “அந்த எழுபத்தொம்போத மட்டும் இன்னொரு தடவ வாசிங்க.”

தங்கராஜு தாளைப் பார்த்தார், ஒய்.பி.யைப் பார்த்தார். தாளில் உதவி இல்லை.

“அந்த வருஷம் ஜெயிச்சது நான். கடையில இருக்குன்னு சொன்னவரு, எரிஞ்சு போச்சுன்னு சொன்னவரு, இப்ப மேசையில வச்சிருக்காரு. எது நெசம்னு அவரையே கேளுங்க.”

சும்மா இருந்திருந்தால் துரைசிங்கம் தப்பியிருப்பார். தங்கராஜு எப்படியாவது பாட்டைப் போட்டு மூடியிருப்பார். ஆனால் மேடை, ஒலிபெருக்கி, நிறைந்த மண்டபம், எல்லாரும் அவரையே பார்க்கிறார்கள். நடிகர் எழுந்துவிட்டார். முதலில் ஆங்கிலத்தில் நாலு வரி, ஒய்.பி. தலையாட்டும்படி. பிறகு தமிழ்.

“எனக்கு இந்தப் பொம்பிளையிலை கோபமில்லை. வயசு போனால் நினைவு தடுமாறும். அந்தப் பெயர் வெட்டினதுக்குச் சாட்சி இஞ்சையே இருக்கு. என்ர மனுசி. வாகீசு, எழும்பிச் சொல்லும்.”

கை நீட்டி அழைத்தார், நாடகத்தில் துணைப் பாத்திரத்தை அழைக்கிற மாதிரி. வாகீஸ்வரி எழுந்தார்.

“ஓம். நான்தான் கொண்டுபோய் வெட்டிவிச்சனான். கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம். நகைக்கடைக்கு பஸ்ஸிலை போனனான்.”

“கேட்டியளோ,” என்றார் துரைசிங்கம்.

அந்த அம்மாள் உட்காரவில்லை.

“போட்டி ஞாயிற்றுக்கிழமை. நான் வெட்டினது அதுக்கு முந்தின புதன்.”

தங்கராஜு தாளைக் கீழே வைத்தார்.

“எப்பிடியும் நான்தான் வெல்லுவன், மற்றவை பால்வெட்டுற சனம் எண்டு சொல்லி இவர்தான் அனுப்பினவர். தோத்துப்போட்டு வீட்டை வந்து, பெயரை அழிக்கிறதோ கிண்ணத்தை ஒளிக்கிறதோ எண்டு ராவெல்லாம் யோசிச்சார். ஒளிக்கிறது சுகமாக் கிடந்தது. அண்டையிலையிருந்து ஒவ்வொரு சனியும் மினுக்கிறனான், அந்தப் பொய்யையும் சேர்த்து. தனி ஆளா உயர்ந்தவராம்.”

உட்கார்ந்தார். ஜிப்பை இந்த முறை முழுக்க மூடினார்.

துரைசிங்கத்தின் முகத்தில் அப்போது எழுபது வேஷமும் வந்து போயின. ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் பிரபு வேஷம் நின்றது. கிண்ணத்திலிருந்து பூச்செண்டை எடுத்து வீசிவிட்டு, அதை இரு கையாலும் உயர்த்தி, “கலைக்கு நான் செய்யும் மரியாதையாக, இந்தக் கிண்ணத்தை வேலம்மாவுக்கு அன்பளிப்பாக வழங்குகிறேன்” என்றார். எங்கள் சனத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே, அன்பளிப்பு என்றதும் கை தட்ட ஆரம்பித்துவிட்டது. தங்கராஜு பெரிய மூச்சு விட்டு, அவருக்கே இன்னொரு பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு ஓடினார்.

வேலம்மா மேடைப் படிக்கு வந்தாள். கிண்ணத்தைத் தொடவில்லை.

“அன்பளிப்பெல்லாம் வேணாம் கிராணி. கேட்டுல நின்னு சட்டம் பேசுனீங்கல்ல, சட்டப்படி குடுங்க.” இரண்டு படி ஏறி நின்றாள். “எனக்கு ஒரு படி கீழ எறங்குங்க.”

கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். பழைய தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேருக்கு அந்த வழக்கம் ஞாபகம் இருந்தது. “ஆமாமா, எறங்கித்தான் குடுக்கணும்” என்று ஒரு குரல். “துரை வச்ச சட்டம் லா அது” என்று இன்னொன்று. போன வாரம் இவர்களே துரைசிங்கத்தோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றவர்கள்.

துரைசிங்கம் ஒய்.பி.யைப் பார்த்தார். ஒய்.பி. போனைப் பார்த்தார். துரைசிங்கம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார். எண்பத்திரண்டு வயது மனிதர், கிண்ணத்தைக் கட்டிப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி, அவளைத் தாண்டி, ஒரு படி கீழே நின்றார். தங்கராஜு ஒலிபெருக்கியை அவர் வாய்க்குக் கொண்டுபோனார். வேலம்மா அதைத் தள்ளிவிட்டாள். அந்தக் காலத்தில் அது கிடையாது.

அவர் ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“தமிழ்ல,” என்றாள்.

“இந்த வருஷம்...” என்றார். நின்றுவிட்டது. இருபது பக்க வசனத்தைத் தாள் பார்க்காமல் பேசியதாக வாழ்க்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டவர். திரைக்கு ஓரம் நின்று எடுத்துக் கொடுப்பார்களே, அதுபோல வேலம்மா எடுத்துக் கொடுத்தாள்.

“நான்.”

“நான்...”

“தோத்துட்டேன்.”

உதடு அசைந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

“கேக்கல” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். சொல்லட்டும்.

“நான் தோத்திட்டன்,” என்றார் துரைசிங்கம். “வெண்டது வேலம்மா.” குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரி. அவ்வளவு மோசமாக அவர் எந்த மேடையிலும் பேசியிருக்க மாட்டார்.

வேலம்மா இரு கையாலும் வாங்கினாள். கும்பிடவில்லை, நன்றி சொல்லவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளே இருந்த பூத்தண்ணீரைப் படியில் ஊற்றிவிட்டு, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனாள். ஒய்.பி.க்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்தது, வாழ்நாள் விருதைக் கொடுக்காமலே கிளம்பிவிட்டார். காலை உணவுக்கு வைத்த மீகோரெங் நூடுல்ஸ் ஆறிப் பசையாகியிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமைதான் மூடி ஞாபகத்துக்கு வந்தது. மேசையிலேயே தங்கிப்போய், மற்ற விருதுகளோடு பெட்டியேறி துரைசிங்கம் வீட்டுக்கே திரும்பிவிட்டது. தங்கராஜு போய்க் கேட்டார்.

“அவ கிண்ணம் எண்டுதானே கேட்டவ. மூடி கேக்கேல்லை,” என்று கேட்டைச் சாத்திவிட்டார் துரைசிங்கம்.

இந்தப் பதிலை வேலம்மாவிடம் கொண்டுசேர்க்கத் தங்கராஜுவுக்குப் பயம். நான் போனேன். அவள் கிண்ணத்தை டிவி மேல் வைத்திருந்தாள். எழுபத்தொன்பது, துரைசிங்கம் என்ற தகடு அப்படியே இருந்தது. அதை ஒட்டிப் புதுத் தகடு: எழுபத்தொன்பது, வேலம்மா.

“பழசக் கழட்டலியா?”

“எதுக்கு? வர்றவங்க ரெண்டையும் படிச்சுக் கேக்கட்டும். கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்.”

மூடிக் கதையைச் சொன்னேன். போலீசுக்குப் போவாள், மறுபடி கேட்டைத் தட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் செடிகளும் காய்ந்துதான் இருந்தன. அவள் கிண்ணத்தின் வாயைத் துடைத்தபடி, “வச்சுக்கட்டும். ஆறுதல் பரிசு” என்றாள்.

ஒரு வார்த்தை வீணாகாமல் அதை வாகீஸ்வரியின் காதில் போட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “அப்பிடியோ சொன்னவ?” என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை முறுக்கும் இல்லை, தீபாவளியும் இல்லை, சும்மாதான் எட்டிப் பார்த்தேன். அலமாரியின் நடுவில், கிண்ணம் இருந்த இடத்தில் மூடி உட்கார்ந்திருக்கிறது. குட்டி மனிதன் கையைத் தூக்கியபடியே இருக்கிறான். கீழே வாகீஸ்வரியின் கையெழுத்தில், மற்ற விருதுகளுக்கு இருப்பது போலவே ஒரு சின்ன அட்டை: ‘ஆறுதல் பரிசு, 1979.’ துரைசிங்கம் அதைக் கிழித்துப் போடுகிறாராம். மறுநாள் புது அட்டை வந்துவிடுகிறதாம். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எதைப் பற்றியும் பேசுவதில்லை.

மறுபடி எண்ணிப் பார்த்தேன். இன்னும் நாற்பத்தொன்றுதான்.